பேஸ்லியும் பத்தமடையும்

பள்ளித் தேர்வுகளில் 'பொருத்துக' என்று ஒரு பகுதி உண்டு. இடப்பக்கம் ஊர்களின் பெயர். வலப்பக்கம் பொருள்களின் பெயர். காஞ்சிபுரம், பட்டு, சிவகாசி, தீப்பெட்டி, திண்டுக்கல், பூட்டு, பத்தமடை, பாய். கோட்டைச் சரியாக இழுத்தவனுக்கு மதிப்பெண் கிடைத்துவிடும். ஆசிரியப் பணியில் முடி நரைத்த நான் இத்தகைய கோடுகளை எத்தனையோ ஆயிரம் பார்த்தாயிற்று. ஆனால் கோட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்லும் வழியில் என்னென்ன உள என்பதை வினாத்தாள் வினவுவதில்லை. இன்று அவ்வழியே சிறிது தொலைவு நடந்து பார்ப்போம். அவ்வழி ஸ்காட்லாந்து நாட்டு நகரம் ஒன்றைத் தொட்டு, நம் பாபநாசத்தில் இறங்கி, பத்தமடையில் சென்று சேரும்.

ஊர்ப்பெயர் எவ்வாறு பிறந்தது என்று ஆராய்வது ஒரு துறை. தாமிரபரணிக் கரையில் உள்ள இராசவல்லிபுரத்தில் பிறந்த அறிஞர் ரா. பி. சேதுப்பிள்ளை அவர்கள் 'ஊரும் பேரும்' என்னும் நூலால் அத்துறையைத் தமிழ்நாட்டு மாணவர் அனைவர்க்கும் அறிமுகம் செய்து வைத்தார். பிறந்த பெயர் பின்னர் எங்கெங்கே பயணம் செய்தது, எந்தெந்தப் பொருளின்மேல் ஏறி அமர்ந்தது என்பது மற்றொரு துறை. நாம் இன்று எடுத்துக்கொள்வது இந்த இரண்டாவது.

நான் வாழும் கூடங்குளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். குளம் என்று முடியும் பெயர்; நீரை நினைவூட்டும் பெயர். இராதாபுரம் வட்டாரத்தார்க்கன்றிப் பிறர்க்கு அது தெரிந்திருக்கக் காரணமில்லை. 1988ஆம் ஆண்டு இந்திய நாடும் சோவியத்து நாடும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. 2013ஆம் ஆண்டு அணுவுலையிலிருந்து மின்சாரம் புறப்பட்டது. அதற்கு முன்னரே, 2011, 2012ஆம் ஆண்டுகளில், அதே பெயர் கடற்கரை மக்களின் போராட்டத்தோடும் சேர்ந்து உலகச் செய்தித்தாள்களில் வந்தது. இன்று மாஸ்கோவில் ஒருவர் 'கூடங்குளம்' என்றால் அவர் மனத்தில் குளம் தோன்றுவதில்லை. பெயர் தான் சுமக்க வேண்டிய பொருளைத் தானே தேர்ந்துகொள்வதில்லை என்பதற்கு எங்கள் ஊரைக் காட்டிலும் அண்மையிலுள்ள சான்று வேண்டுமா?

இதே வறண்ட மண்ணில் விளையும் நிலாவாரை என்னும் செடியின் இலை மேனாட்டு மருந்து நூல்களில் 'தின்னவேலி சென்னா' என்று வழங்கியது. நம் மாவட்டத்துப் பருத்தியும் 'தின்னவேலி' என்ற பெயராலேயே லிவர்ப்பூல் சந்தையில் விலைகூறப்பட்டது. திருநெல்வேலியைக் கண்ணால் காணாதவரும், அப்பெயரை உச்சரிக்கத் தெரியாதவரும், அதனை விலைக்கு வாங்கினர்.

துணி வகைகளின் பெயர்களில் இவ்வழக்கம் மிகுதி. காலிக்கோ என்னும் துணி கோழிக்கோட்டின் பெயரைத் தாங்கியது. மஸ்லின் என்பது ஈராக் நாட்டு மோசூல் நகரின் பெயர். டமாஸ்க் என்பது டமாஸ்கஸ். காஷ்மீர் என்ற சொல்லே ஆங்கிலத்தில் ஒருவகைக் கம்பளியின் பெயராயிற்று. கல்லூரி மாணவர் விரும்பி அணியும் டெனிம் என்ற முரட்டுத் துணியின் பெயர், 'நீம் நகரத்து' என்னும் பொருள் தரும் பிரெஞ்சுத் தொடரிலிருந்து வந்தது என்பர். இவற்றுள் பலவற்றில் நெசவு அவ்வூரை விட்டுப் போய்விட்டது. பெயர் மட்டும் கடைக்குக் கடை திரிகின்றது. பெயர் தங்கித் தொழில் மறைந்த கதைகளுள் மிக வியப்பானது பேஸ்லியின் கதை.

உங்கள் வீட்டில் அன்னையாரின் சேலைக் கரையைப் பாருங்கள். மேலே பருத்து, கீழே குவிந்து, நுனி ஒரு பக்கமாகச் சுழித்து நிற்கும் ஓர் உருவம் தென்படலாம். நாம் அதனை மாங்காய் என்போம். பொற்கொல்லர் அதே வடிவைப் பொன்னில் வார்த்துக் கோத்தால் மாங்காய் மாலை. பாரசீகத்தார் அதனைச் செடி, பூங்கொத்து என்று பொருள்படும் பூத்தா என்ற சொல்லாற் குறித்தனர். காஷ்மீரத்து நெசவாளர் பூட்டா என்றனர். மேனாட்டாரோ அதனைப் 'பேஸ்லி' என்கின்றனர். பேஸ்லி என்பது ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ மாநகருக்கு மேற்கே அமைந்த ஒரு நகரம். அங்கே மாமரம் இல்லை, மாங்காயும் இல்லை.

அப்பெயரின் பிறப்பும் சுவையானது. 1163ஆம் ஆண்டளவில் அங்கே ஒரு துறவியர் மடம் நிறுவப்பட்டது. ஆனால் ஊர்ப்பெயர் அதற்கும் மிகப் பழைய காலத்தது. கிரேக்கத்தில் பிறந்து இலத்தீனில் வளர்ந்த 'பசிலிக்கா' என்ற சொல், பண்டைய பிரித்தானிய மொழியில் திரிந்து பேஸ்லி ஆயிற்று என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அஃதாவது கோயில் என்று பொருள்பட்ட சொல் இன்று மாங்காய் என்று பொருள்படுகின்றது. சொற்களின் வாழ்க்கை அப்படி.

இம்மாற்றம் நேர்ந்தது எவ்வாறு? பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் கப்பல்கள் வழியே காஷ்மீர சால்வைகள் இங்கிலாந்தை எட்டின. நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்புக்குப் பின் பிரெஞ்சுச் சீமாட்டிகளும் அவற்றை விரும்பலாயினர். காஷ்மீரத் தறியிலே வண்ணம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சிறு மரக்கதிர் உண்டு. நூற்றுக்கணக்கான கதிர்களைக் கையால் ஊடை ஊடையாகச் செலுத்தி நெய்வர். சிறந்த சால்வை ஒன்று தறியிலிருந்து இறங்க ஓராண்டும் ஆகலாம். அதற்கு மேலும் ஆகலாம். விலை செல்வர்க்கே எட்டும். எட்டாதவர்க்கு அதன் நகலை நெய்து தர முன்வந்தன எடின்பரோ, நாரிச், பேஸ்லி ஆகிய நகரங்கள். 1805ஆம் ஆண்டளவில் இப்பணியில் இறங்கிய பேஸ்லி, மற்ற இரண்டையும் விரைவில் பின்தள்ளிவிட்டது. புதிதாகக் கப்பலில் வந்திறங்கிய சால்வைகளின் கோலத்தைப் படியெடுத்து வருவதற்காகவே அந்நகரத்து வாணிகர் இலண்டனுக்கு ஆள் அனுப்பினர். பின்னர் ஜக்கார்டு என்ற பொறி வந்தது. துளையிட்ட அட்டைகள் பாவு இழைகளைத் தாமே தூக்கித் தந்தமையால் நகல் மேலும் எளிதாயிற்று. 1842ஆம் ஆண்டு விக்டோரியா அரசியார் பேஸ்லிச் சால்வை வாங்கினார். அதன்பின் அதை அணியாத பெண்மணி இல்லை எனலாம்.

அதே 1842ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அலங்கார வடிவங்களைப் பதிவு செய்து காக்கும் சட்டம் ஒன்றை இயற்றியது. அதன் கீழ்ப் பேஸ்லி வாணிகரும் தத்தம் மாங்காய்க் கோலங்களைப் பதிவு செய்துகொண்டனர். காஷ்மீரத்திலிருந்து படியெடுத்த கோலத்தைப் பக்கத்து வீட்டுக்காரன் படியெடுத்தல் ஆகாது என்பது அதன் கருத்து! சட்டம் எவர் கையில் இருந்தது என்பதை இங்கே மாணவர்கள் கருதிப் பார்க்கலாம்.

ஆயினும் பேஸ்லி நெசவாளரை நாம் வாணிகரோடு சேர்த்துப் பழித்தல் ஆகாது. அவர்களும் கைத்தறியில் உழைத்து உண்டவர்களே. படிப்பிலும் பாட்டிலும் விருப்பம் மிக்கவர்கள். அவர்களுள் ஒருவரான இராபர்ட் டேனஹில் ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற பாடலாசிரியர். அந்நெசவாளர் நடத்திய ஒரு வழக்கை நான் உங்களுக்கு விரித்துரைக்க விரும்புகிறேன். இப்பேச்சின் உயிர் அதிலேதான் உள்ளது.

வண்ண ஊடைகள் பல சால்வையின்மேல் ஓடும். அவை கழன்று தொங்காதவாறு இடையிடையே மெல்லிய பருத்தி இழை ஒன்றை ஓட்டி அவற்றைப் பாவோடு பிணைக்க வேண்டும். இதனை அவர்கள் 'சின்ன ஓட்டு' என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். இந்த இழை இல்லையேல் சால்வை இல்லை. ஆனால் நெய்து முடித்த சால்வையில் அது கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத இழைக்குக் கூலி எதற்கு என்றனர் முதலாளிகள். அந்த இழையின் விலையும் அதனை ஓட்டும் உழைப்பும் நெசவாளன் தலையிலேயே விழுந்தன. வழக்கு நெடுங்காலம் நடந்தது. இறுதியில் 1856ஆம் ஆண்டு நெசவாளர் வென்றனர்; சின்ன ஓட்டுக்கும் கூலி உண்டு என்றாயிற்று. இன்றும் ஆண்டுதோறும் ஜூலைத் திங்கள் முதற் சனிக்கிழமையன்று பேஸ்லி மக்கள் முரசு முழக்கி ஊர்வலம் சென்று அவ்வெற்றியைக் கொண்டாடுகின்றனர். மன்னர் முடிசூடிய நாளைக் கொண்டாடும் ஊர்கள் உலகில் பல. ஓர் இழைக்கு விழா எடுக்கும் ஊர் வேறு ஒன்று இருப்பதாக நான் கேட்டதில்லை.

மூலத்தை நெய்த காஷ்மீரத்தார் நிலை யாது? அங்கே சால்வை நெசவுக்குக் கடுமையான வரி. 1865ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் சிறீநகரில் நெசவாளர் திரண்டு முறையிட்டனர். படை வந்து அவர்களை விரட்டியது. பலர் நீரில் வீழ்ந்து மாண்டனர். ஒன்பது ஆண்டு இடைவெளியில், ஒரே மாங்காயை நெய்த இரண்டு கூட்டத்தாருள் ஒரு சாரார் கூலி பெற்றனர். மற்றொரு சாரார் உயிர் இழந்தனர். 1870ஆம் ஆண்டுப் போரினால் பிரெஞ்சுச் சந்தை அடைபட்டது. அதே பத்தாண்டில் மேனாட்டு மகளிரின் உடைப் பாங்கும் மாறியது. பின்புறம் புடைத்த புதுவகை உடுப்பின்மேல் பெரிய சால்வை அழகாக அமையவில்லை. காஷ்மீரமும் சாய்ந்தது, பேஸ்லியும் சாய்ந்தது. பெயர் மட்டும் மாங்காயின் காம்பைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டது.

நிற்க. பேஸ்லிக்கும் நம் பொருநை ஆற்றுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவலாம். தொடர்பு உண்டு. சால்வை போன பின் பேஸ்லியைத் தாங்கியது தையல் நூல். நெப்போலியன் பிரிட்டனுக்கு எதிராகத் துறைமுகங்களை அடைத்தபோது பட்டு நூல் அரிதாயிற்று. அதனால் அவ்வூர்க் கிளார்க் குடும்பத்தார் பருத்தியையே முறுக்கித் தையலுக்கு ஏற்ற நூல் செய்தனர். கோட்ஸ் குடும்பத்தார் 1826ஆம் ஆண்டு தம் ஆலையைத் தொடங்கினர். இரு குடும்பங்களும் 1896ஆம் ஆண்டு ஒன்றாக இணைந்தன. நம் தாத்தாமார் காலத்துத் தையற்காரர் கையாண்ட நூற்கண்டுகளில் ஜே. அண்டு பி. கோட்ஸ் என்ற பெயரைக் காணலாம்.

இது ஒரு புறமிருக்க, ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஹார்வி, பிராங்க் ஹார்வி என்னும் உடன்பிறந்தார் இருவர் 1880களில் நம் பாபநாசத்துக்கு வந்தனர். பொதிய மலையிலிருந்து பொருநை இறங்கும் வேகத்தைக் கண்டனர். அவ்வீழ்ச்சியின் ஆற்றலைக்கொண்டு நூற்பாலை ஒன்றை அமைத்தனர். ஆலையைச் சுற்றி விக்கிரமசிங்கபுரம் பெருத்தது. சிவஞான முனிவர் பிறந்த ஊர் என்று தமிழ்ப் புலவர்க்குத் தெரிந்திருந்த அப்பெயர், ஆலைச் சங்கு ஊதும் ஊர் என்று தொழிலாளர்க்குத் தெரியலாயிற்று. தூத்துக்குடியில் 1888ஆம் ஆண்டு அவர்கள் நிறுவிய கோரல் ஆலையில்தான் 1908ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் உடனிருந்தனர். தொழிலாளர் கூலி உயர்வும் ஞாயிற்றுக்கிழமை ஓய்வும் பெற்றனர். இவ்வாலைகள் மதுரா மில்ஸ் என்ற பெயரில் ஒன்றாகி, 1974ஆம் ஆண்டு பேஸ்லியில் பிறந்த கோட்ஸ் நிறுவனத்தின் இந்தியக் கிளையோடு இணைந்து மதுரா கோட்ஸ் ஆயின. ஆகவே மதுரையின் பெயரும் பேஸ்லிக் குடும்பம் ஒன்றின் பெயரும் ஒரே நூற்கண்டில் சுற்றப்பட்டு நம் தையற்கடைக்கு வந்தன. பேஸ்லியிலோ 1990களில் நூலாலையும் மூடப்பட்டது.

பாபநாசத்திலிருந்து ஆற்றோடு கிழக்கே வருவோம். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சௌராட்டிர நெசவாளர் வாழும் வீரவநல்லூர், சேரன்மாதேவி. அடுத்து வருவது பத்தமடை. சுவாமி சிவானந்தர் 1887ஆம் ஆண்டு பிறந்த ஊர் என்பதும் இதன் சிறப்பு. இங்கே ஓடுவது கன்னடியன் கால்வாய். கன்னட நாட்டு அந்தணர் ஒருவர் தமக்குக் கிடைத்த பெரும்பொருளைக் கொண்டு இதனை வெட்டுவித்தார் என்பது வழிவழி வரும் கதை. கால்வாயில் மடைகள் உண்டு. மடை என்பது நீரை வயலுக்குத் திறந்துவிடும் வாய். பத்து மடைகள் இருந்தமையால் பத்துமடை. அது பத்தமடை ஆயிற்று என்பர் ஊரார். என் கருத்தில் மற்றொன்றும் பொருந்தும். பற்று என்பது நிலத்தொகுதியைக் குறிக்கும் பழஞ்சொல், கல்வெட்டுகளிலும் வரும். காற்று பேச்சில் 'காத்து' ஆவது போலப் பற்று 'பத்து' ஆகும். பற்றுக்கு நீர் விடும் மடை பத்தமடை எனலாம் அல்லவா? எப்படி ஆயினும் மடையில் ஐயமில்லை. அஃது நீர்ப்பாசனத்தின் பெயர்.

ஆனால் ஆங்கில எழுத்தில் இவ்வூர்ப் பெயரை எழுதும்போது 'பட்டமடை' என்று படிக்கும்படி அமைந்துவிடுகின்றது. இங்கே நெய்யும் மிக உயர்ந்த பாய்க்கோ 'பட்டுப் பாய்' என்று பெயர். ஆகவே பட்டு நெய்த ஊர் ஆதலால் பட்டமடை என்று வெளியூர் அன்பர் சிலர் முடிவு கட்டிவிடுகின்றனர். இது ட்வீட் என்ற ஸ்காட்லாந்துக் கம்பளித் துணியின் கதையைப் போன்றது. அவ்வட்டார வழக்கில் 'ட்வீல்' என எழுதப்பட்டிருந்ததை இலண்டன் வாணிகர் ஒருவர் ட்வீட் என்று பிழையாகப் படித்தார் என்றும், அங்கே ட்வீட் என்ற ஆறு ஓடியமையால் அப்பிழையே நிலைத்துவிட்டது என்றும் சொல்வர். பிழைக்கும் ஓர் ஆறு துணை நின்றால் அது வரலாறு ஆகிவிடும் போலும்! பத்தமடைப் பட்டுப் பாயிலே பட்டு இழை இல்லை. பாவு பருத்தி நூல். ஊடை ஆற்றங்கரைக் கோரை. பட்டுப் போல் மென்மையானது என்பதே அப்பெயரின் பொருள்.

கோரை எவ்வாறு பட்டாகின்றது? பசுமை மாறாத பருவத்திலேயே அறுத்து, தண்டைக் கிழித்து, வெயிலில் காயவைக்கின்றனர். பச்சை போய்ப் பழுப்பு வரும். பின் வேகவைத்து மீண்டும் உலர்த்துவதும், ஓடும் நீரில் நாட்கணக்கில் ஊறவைப்பதும் உண்டு. நிற்கும் நீர் ஆகாது, அழுகிவிடும். ஊறிய தண்டு பருத்து இளகும். அதனை மீண்டும் உலர்த்தி, மீண்டும் கிழிப்பர். உட்சோற்றை நீக்கி மேலே எஞ்சும் நாரை மேலும் மெல்லியதாகப் பிரிப்பர். முன்னாளில் பதிமுகக் கட்டை முதலியவற்றைக் காய்ச்சிச் சிவப்பேற்றினர். பின்னர்ச் செயற்கைச் சாயம் வந்தது. இவ்வளவும் முடிந்த பிறகே தறி.

தறி என்றதும் குழித்தறியையோ விசைத்தறியையோ எண்ண வேண்டா. தரையில் முளையடித்து மூங்கில்களுக்கிடையே பாவை இழுத்துக் கட்டிய எளிய அமைப்பு அது. ஓடம் கிடையாது. கோரை நாரைக் குச்சியின் நுனியில் கோத்து, பாவின் குறுக்கே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செலுத்தி, அச்சால் நெருக்கி அடிக்கின்றனர். ஒரு நார், ஓர் அடி. மறுபடி ஒரு நார், ஓர் அடி. பாயின் தரத்தைப் பாவு எண்ணிக்கையால் குறிப்பர். நுண்மையான பட்டுப் பாய் 100 முதல் 140 வரை செல்லும். நாம் அன்றாடம் படுக்கும் முரட்டுப் பாய் 30ஐத் தாண்டுவதே அரிது. நுண்பாய் ஒன்று முடியப் பல வாரங்கள் ஆகும். முடிந்த பாயைத் துணி போல் மடித்து வைக்கலாம். நெய்பவர் பெரும்பாலும் இவ்வூர் இசுலாமியக் குடும்பத்தார். அவருள்ளும் பெண்டிரே மிகுதி. சாதி, சமய வேறுபாடின்றித் திருநெல்வேலிச் சீமையின் திருமண வீடுகள் அவர்கள் கையை எதிர்பார்த்து நின்றன. மணமகன், மணமகள் பெயரையும் மணநாளையும் பாயிலே நெய்து தருவது அவர்களின் தனித்திறன். 1953ஆம் ஆண்டு எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவுக்கு இங்கிருந்து பாய் சென்றது என்பதை ஊரார் இன்றும் பெருமையோடு உரைப்பர்.

பெயரைக் காப்பதற்கு இப்போது நமக்கும் சட்டம் உண்டு. 1999ஆம் ஆண்டு நம் பாராளுமன்றம் புவிசார் குறியீட்டுச் சட்டத்தை இயற்றியது. 2003ஆம் ஆண்டு அது நடைமுறைக்கு வந்தது. டார்ஜிலிங் தேயிலை முதலில் பதிவாயிற்று. பிறகு பத்தமடைப் பாயும் இடம்பெற்றது. வேறோர் ஊரில் செய்த பாயைப் பத்தமடைப் பாய் என்று விற்றல் இனிக் குற்றம். 1842ஆம் ஆண்டில் காஷ்மீரத்துக்குக் கிட்டாத காவல் இது.

ஆயினும் பெயருக்குக் காவல் இருந்தால் மட்டும் தொழில் நிற்குமா? ஸ்காட்லாந்தின் மேற்கே உள்ள ஹாரிஸ் முதலிய தீவுகளில் நெய்யும் ட்வீடுக்கு 1993ஆம் ஆண்டு இயற்றிய சட்டத்தை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே ஊர் மட்டும் போதாது. தூய கம்பளியை அத்தீவுகளிலேயே சாயமிட்டு, அங்கேயே நூற்று, தீவு மக்கள் தம் சொந்த வீட்டிலேயே கையால் நெய்தால்தான் ஹாரிஸ் ட்வீட் என்ற பெயர் கிடைக்கும். பெயரின் உள்ளேயே கையையும் வீட்டையும் கட்டிப்போட்ட சட்டம் அது. ஆலை வைத்து அப்பெயரை எடுத்துக்கொள்ள இயலாது. பெயர் இருக்கும்வரை அத்தீவு நெசவாளிக்கு வேலை இருந்தே ஆக வேண்டும்.

பத்தமடையின் இடர் போலிப்பெயர் மட்டும் அன்று. நெகிழிப் பாய் வந்தது. மலிவு, நீர்பட்டாலும் கெடாது. கரூர், முசிறிப் பக்கத்திலே கோரையைப் பயிராகவே வளர்க்கின்றனர். அதனைப் பொறியில் நெய்த பாய்களும் கடையில் குவிகின்றன. தரையில் பாய் விரித்துப் படுக்கும் வழக்கமே குறைந்தது. இவையெல்லாம் காலத்தின் மாற்றம். இவற்றை நொந்து பயனில்லை. நான் கவலையோடு எண்ணுவது பேஸ்லியின் சின்ன ஓட்டைத்தான். பாய்க்கு விலை பேசும்போது நெய்த நாட்களை எண்ணுகின்றோம். அறுத்த நாள், உலர்த்திய நாள், ஆற்றில் ஊறவைத்துக் காத்திருந்த நாள், முதுகு வளையக் குனிந்து நாரை மயிரிழையாய்க் கிழித்த நாள் ஆகியவற்றைப் பெரும்பாலும் எவரும் எண்ணுவதில்லை. முடிந்த பாயில் அவை கண்ணுக்குத் தெரிவதில்லை. பாயில் மணமக்களின் பெயர் இருக்கும். ஊரின் பெயரைச் சட்டம் காக்கும். நார் கிழித்தவள் பெயர் எங்கும் இராது. அவள் மகள் கணக்குப் பார்க்கத் தெரிந்தவள், பள்ளியில் படித்தவள். மொத்த நாட்களைக் கூட்டி, வந்த தொகையை அதனால் வகுத்துப் பார்க்கின்றாள். விடை சிறிதாக இருந்தால் தறியில் உட்கார மறுக்கின்றாள். அவள் மறுப்பது தவறு என்று ஓர் ஆசிரியனாகிய நான் எவ்வாறு சொல்வேன்? அவளுக்கு வகுத்தல் கற்பித்தவர்கள் எம்மவர்களே.

கூட்டுறவு முறையும் அரசின் கண்காட்சிகளும் இடைத்தரகரின் பங்கை ஓரளவு குறைத்துள்ளன. நகரங்களில் இப்போது கோரை நெசவைக் கைப்பையாகவும் மேசை விரிப்பாகவும் வாங்குகின்றனர். சிறு பொருள் விரைவில் முடியும். காசும் விரைவில் வரும். ஆனால் 120 பாவுப் பட்டுப் பாயின் நுட்பம் கைப்பையில் வளராது. ஒருவர் பல வாரம் பொறுத்திருந்து நெய்வதற்கும், வாங்குபவர் அத்தனை வாரத்திற்கும் விலை தருவதற்கும் உடன்பட்டால்தான் அது வளரும்.

பத்தமடைக்குச் செல்ல விரும்பும் மாணவர்க்கு ஒரு சொல். திருநெல்வேலியிலிருந்து சேரன்மாதேவி வழியாகப் பாபநாசம் செல்லும் பேருந்து அவ்வூரைத் தொட்டே போகும். சென்றவுடன் தறியைத் தேடாதீர்கள். முதலில் வெயிலில் காயும் கோரையைப் பாருங்கள். பிறகு நார் கிழிப்பவர் அருகே சற்று நேரம் அமர்ந்து, ஒரு தண்டு எத்தனை நாராகின்றது என்று எண்ணிக் கொள்ளுங்கள். குறிப்பேடு கொண்டு செல்லுங்கள். எந்த வேலைக்கு எத்தனை நாள் என்று கேட்டு எழுதி, விலைச் சீட்டை அதன் பின்னரே பாருங்கள்.